கண் தைத்த கொக்கு

எழிலரசிக்குச் சிதம்பரத்து ஜவுளிக்கடையில் செவ்வாய்க்கிழமைதான் லீவு. கூட வேலை செய்யும் பெண்கள் அன்றைக்கு அடித்துப் போட்டாற்போல் தூங்குவார்கள். இவள் ஊருக்கு வெளியே, அடிபட்ட காட்டுயிர்களை வைத்துத் தேற்றும் மையத்துக்குப் போய்க் கூண்டு கழுவுவாள், மீன் நறுக்குவாள். சம்பளம் கிடையாது. அவளும் கேட்டதில்லை.

ஒரு செவ்வாய், வீராணம் ஏரிப் பக்கம் வேட்டைக்காரர்களிடமிருந்து பிடுங்கிய மடையான் கொக்குகளை வனத்துறை ஆட்கள் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒன்றைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். அதன் இரண்டு கண்களையும் நூலால் தைத்திருந்தார்கள்.

"என்னா டாக்டர் இது?" மையத்து டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"கண்ணு தெரிஞ்சா பறக்கப் பாக்கும்ல. தச்சு வயல்ல கட்டிப்புட்டா சும்மா ஒக்காந்திருக்கும். அதப் பாத்து மத்த கொக்குங்க எறங்கும். வலைய இழுத்துருவானுங்க."

டாக்டரம்மா தையலைப் பிரித்து முடிக்கும்வரை எழிலரசிதான் பிடித்திருந்தாள். கொக்கின் நெஞ்சு அவள் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. ஒரு கண் திறந்தது. மற்றது சீழ் வைத்து அழுகியிருந்தது. அவளுக்கு வாயில் வந்ததெல்லாம் கெட்ட வார்த்தை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் அண்ணன் அய்யனார் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"வா, கொக்குக் கறி. காட்டுமன்னார்கோயில் ரோட்டுல, புளியமரத்தடியில சுடச்சுட வறுத்துக் குடுக்குறான்."

பொட்டலத்தைப் பிடுங்கித் தெருவில் வீசினாள்.

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு? ஊரே திங்குது, நான் தின்னா மட்டும் குத்தமா?"

"ஊரே திங்குதுன்னுதாண்டா அவன் கண்ணத் தைக்கிறான்! ஒன் நாக்கு ருசிக்கு ஒரு உசுரு குருடாப் போச்சு!"

அவன் முன்னாலேயே வனத்துறைக்குப் போன் போட்டு இடத்தைச் சொன்னாள். கடைக்காரன் பிடிபட்டான், அபராதம் கட்டினான். மறுவாரமே அதே புளியமரத்தடியில் அடுப்பு எரிந்தது. அண்ணன்தான் அதைச் சொல்லிச் சிரித்தான்.

அடுத்த லீவில் பஸ் ஏறி நேராக அந்த மரத்தடிக்கே போய் நின்றாள். வண்டியை நிறுத்தியவர்களிடமெல்லாம் கண் தைத்த கொக்கைப் போனில் எடுத்திருந்த படத்தை நீட்டினாள். "பாத்துட்டு வாங்குங்க." சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கிளம்பினார்கள். சிலர் படத்தைப் பார்க்காமலே வாங்கிப்போனார்கள்.

கடைக்காரன் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தான். "பொழப்புல மண்ணள்ளிப் போடறியே, நீ நல்லா இருப்பியா?"

"அடிக்கணும்னா அடி. நான் நகர மாட்டேன்."

அவன் அடிக்கவில்லை. அவள் நகரவும் இல்லை. அதன்பிறகு அவன் அடுப்பை வேறெங்கோ மாற்றிவிட்டான். எங்கே என்று அண்ணனுக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் என்கிறான். எழிலரசி அவனோடு பேச்சை நிறுத்திவிட்டு, ரோடு ரோடாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.