மூடியோடு போட்ட பாட்டில்கள்

எங்கள் பழவேற்காட்டுப் பக்கம் காலி பாட்டில் கிடைத்தால் முதல் வேலை மூடியை இறுகத் திருகுவதுதான். வலைக்கு மிதவை கட்ட வேண்டுமே! மூடி இல்லாத பாட்டிலை யார் மதிப்பார்கள்? அந்தப் பழக்கம் என் வேலைக்கே வேட்டு வைக்கப் பார்த்தது.

அனுப்பம்பட்டில் ரயிலேறிப் போகும் தூரத்தில் ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்கா. விடுதி, ராட்டினம், படகுக்குளம் எல்லாம் உண்டு. அங்கே குப்பை பிரிக்கும் கொட்டகையில் சேர்ந்தேன். வீட்டுக்காரருக்கு ஏரியில் மீன்பாடே இல்லாத வருஷம். மகளின் காலேஜ் படிப்பு என் சம்பளத்தை நம்பித்தான் இருந்தது.

மூன்றாம் நாள். மூடியைக் கழற்றிப் போடச் சொல்லித்தான் இருந்தார்கள். கை கேட்டால்தானே! இரண்டு மூட்டை பாட்டிலையும் திருகித் திருகியே போட்டிருக்கிறேன். நசுக்கும் மெஷினில் போட்டதும் டமால் டமாலென்று வெடி. ராட்டின வரிசையில் நின்றவர்கள் வாணவேடிக்கை என்று கைதட்டினார்கள்.

மேனேஜர் ஓடிவந்தார். "யாரும்மா மூடியோட போட்டது?"

"நான்தான் சார். இன்னா இப்போ?" என்றேன். பாழாய்ப்போன வாய்!

"நாளையிலருந்து வராதம்மா."

அழுகையை அடக்கிக்கொண்டு படகுக்குளம் வழியாக வந்தேன். குளம் முழுக்கக் கப்பும் கவரும். இரண்டு ஆட்கள் நீளக் கம்பு வலையால் ஒவ்வொன்றாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். காற்று அதைவிட வேகமாகப் பரப்பியது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"இப்டி மொண்டுகினு இருந்தா பொங்கலுக்குத்தான் முடியும். வளைச்சு இழுங்கப்பா!"

கொட்டகைக்குத் திரும்பி ஓடினேன்; பூங்காவை ஒட்டிய கடற்கரையில் பொறுக்கிய கிழிந்த வலை ஒன்று அங்கே கிடந்தது. மெஷினில் போகாமல் மிச்சமிருந்த, மூடி திருகிய பாட்டில்களை மிதவையாக அதில் வரிசையாகக் கட்டினேன். ஒரு முனையை அவர்களிடம் கொடுத்து, மறுமுனையோடு நானே இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். வேலைதான் போய்விட்டதே, இனி யாருக்குப் பயம்? இரண்டு இழுப்பில் குளத்துக் குப்பை முழுக்கக் கரையில். மீன் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் வலை நிறைய அப்படி ஒரு பாடு!

மேனேஜர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு வந்துடும்மா" என்றார்.

"நாளைக்கு மட்டுமா, எப்பவுமா? வாயைத் தொறந்து சொல்லு சார்."

"எப்பவும்தாம்மா."

சொட்டச் சொட்ட நனைந்த புடவையோடு அங்கேயே உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதேன்.