தவச்செல்வன் ஹைசுங்குக்குக் காற்று எடுத்தது

சுவிசின் எம்மன்புரூக்கே ஊரில் தன்னைத் தெரியாத தமிழர் இல்லை என்று தவச்செல்வன் சொல்லுவார். அதில் மட்டும் பொய் இல்லை. தமிழர் ஒன்றியத்துக்குச் செயலாளர். கோயில் திருவிழாவில் ஒலிவாங்கி கைக்கு வந்தால் திருப்பிக் கொடுக்காதவர். செத்த வீட்டில் இரங்கலுரை, சாமத்திய வீட்டில் வாழ்த்துரை. இரண்டுக்கும் ஒரே கோட்டு, கிட்டத்தட்ட ஒரே உரை. அந்த உரைகளையெல்லாம் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று ஒத்திகையிலும் ஒருதரம் கேட்டுத் தொலைக்கிற பாக்கியம் அவர் மனைவி கோசலாவுக்கு.

கோசலா முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். படுக்கையில் கிடக்கிறவர்களைப் புரட்டி, துடைத்து, ஊட்டிவிட்டு, அவர்களுடைய சுவிஸ் ஜெர்மன் முணுமுணுப்பிலிருந்து என்ன வேண்டுமென்று பிடித்துக்கொள்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் புருஷனுடைய அதட்டலிலிருந்து என்ன வேண்டுமென்று பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லத்துக் கிழவர்கள் இடைக்கிடை நன்றியாவது சொல்லுவார்கள்.

தவச்செல்வன் தன்னை இஞ்சினியர் என்பார். ஊரில் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனது உண்மைதான். மாரி தொடங்கப் போனவர், மாரி முடியமுதல் நின்றுவிட்டார். பக்கத்து ஒழுங்கையில் வளர்ந்த கோசலாவுக்கு அது தெரியும். ஆனாலும் நாலு பேர் இருக்கிற இடத்தில், "நான் இஞ்சினியரிங் படிச்சிட்டு வந்தவன். என்னப்பா?" என்று அவர் அவள் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவள் "ஓம்" என்பாள். கலியாணமாகி சுவிசுக்கு வந்த புதிதில் பயத்தில் சொன்ன ஓம். பிறகு பயம் போய்விட்டது, ஓம் மட்டும் தங்கிவிட்டது.

பழைய வீடொன்றை வாங்கியபோது இந்த இஞ்சினியருக்கு ஆள ஒரு நிலவறையும் கிடைத்தது. அங்கே எண்ணெயில் எரிகிற கொதிகலன். அதிலிருந்து குழாய்கள் சுவருக்குள்ளால் ஏறி, அறைக்கு அறை ரேடியேற்றருக்கு வெந்நீர் கொண்டுபோகும். எல்லாவற்றையும் சேர்த்து ஹைசுங் என்றுதான் இங்கே தமிழர்கள் சொல்லுவார்கள். குளிர் தொடங்குமுன் ஸ்டூடர் என்ற மெக்கானிக் வந்து கொதிகலனைத் துப்புரவாக்கி, தண்ணீர் அழுத்தம் பார்த்து, ரேடியேற்றர்களில் அடைபட்ட காற்றை வெளியே விட்டுப் போவார். தவச்செல்வன் நிலவறைப் படியில் நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "யா, யா, கெனாவ்", ஓம் ஓம், அதேதான், என்று தலையாட்டுவார். ஸ்டூடர் போனதும் சவுக்காரம் போட்டுக் கை கழுவுவார். எதைத் தொட்டுவிட்டுக் கழுவுகிறார் என்று கோசலாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த வருடம் ஸ்டூடருக்கு முந்திக் குளிர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றியக் கூட்டம் இவர்கள் வீட்டில். சனிக்கிழமை பின்னேரம் ஹைசுங்கைப் போட்டால், முன்னறை ரேடியேற்றர் கீழே இளஞ்சூடாகவும் மேலே பச்சைத் தண்ணீராகவும் இருந்தது. உள்ளே களகளவென்று சத்தம் வேறு.

"ஸ்டூடருக்கு ஒருக்கா போன் அடிப்பமோ?" என்றாள் கோசலா.

"காத்து எடுக்கிறதுக்கெல்லாம் ஒரு சுவிஸ்காரனோ? நான் வீடியோ பாத்தனான்."

"கீழை தண்ணியைச் சுத்தவிடுற மோட்டரை நிப்பாட்டிப்போட்டுத்தான் ஸ்டூடர் செய்யிறவர். அதுக்கெண்டு ஒரு சின்னச் சாவியும் ஆணியிலை தொங்குது."

"உமக்கு உது விளங்காது. நீர் போய் நாளையான் ரோல்சுக்குக் கிழங்கை மசியும்."

சாவியை எடுக்க நிலவறைக்கு இறங்க வேண்டும். தவச்செல்வன் லாச்சியிலிருந்த குறட்டை எடுத்தார். ரேடியேற்றரின் மேல்மூலையில் இருக்கும் சின்னத் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். காற்று சீறியது. "பாத்தீரோ?" என்று குசினிப் பக்கம் கூவினார். சீறல் நிற்கவில்லை என்று இன்னும் திருகினார். குறட்டின் பல்லில் தேய்ந்து சப்பளிந்த திருகு கையோடு கழன்று வந்து சோபாவுக்குக் கீழே உருண்டது. பின்னால் தண்ணீர் பாய்ந்தது. வருடக்கணக்காக இரும்புக்குள் ஊறிக் கிடந்த, மை போலக் கறுத்த, நாறல் தண்ணீர். வெள்ளைச் சுவரில், திரைச்சீலையில், கூட்டத்துக்கென்று ஒத்திகை பார்த்துப் போட்டிருந்த சேட்டில்.

தவச்செல்வன் கட்டைவிரலால் துவாரத்தைப் பொத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தார்.

"கோசலா! ஓடி வாரும்!"

கோசலா ஓடவில்லை. கையில் ஒட்டிய கிழங்கை வழித்துவிட்டு வந்து பார்த்தாள். ஊரே கேட்க முழங்குகிற மனுசன், சுவரோடு ஒட்டி, பிட்டத்தைத் தூக்கிக்கொண்டு, விரலை எடுக்க முடியாமல் இருந்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆளுக்காகவா இவ்வளவு காலம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன் என்று ஒரு அருவருப்புத்தான் வந்தது.

ஸ்டூடருக்குப் போன் அடித்தாள். மோட்டரை நிறுத்தச் சொன்னார். தான் வரும்வரை துவாரத்தைப் பொத்திப் பிடித்துக்கொள்ளவும் சொன்னார். மோட்டரை நிறுத்திவிட்டு வந்து, கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, அவள் ரோல்ஸ் சுருட்டப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஒன்றியத் தலைவர் தவச்செல்வனின் போனுக்கு எடுத்தார். கோசலா அதை அவர் காதில் பிடித்தாள்.

"ஓம் அண்ணை. வீட்டிலை ஹைசுங் வேலை நடக்குது. ஆக்களை வைச்சுச் செய்விச்சுக்கொண்டு நிக்கிறன்," என்றார் தவச்செல்வன் முழங்காலில் இருந்தபடி. மூக்கு நுனியில் ஒரு கறுப்புத் துளி தொங்கியது.

பிறகு தண்ணீர் கேட்டார். கோப்பையைச் சாய்த்து மிடறு மிடறாகப் பருக்கினாள். இல்லத்திலும் இப்படித்தான் பருக்குவாள். அங்கே இருப்பவர்களுக்கு வயதாவது ஆகியிருக்கிறது.

ஸ்டூடர் வந்து ரேடியேற்றரின் குழாய்களை அடைத்து, புதுத் திருகு பூட்டி, தண்ணீர் நிரப்பி, ஹைசுங்கை மறுபடி ஓடவிட்டார். வேலை முடிந்ததும் யார் இதைத் திறந்தது என்று கேட்டார்.

தவச்செல்வன் தோளைக் குலுக்கினார். "மைனே ஃப்ராவ்," என்றார். என் மனைவி. பெண்கள் சொன்னால் கேட்பதில்லை என்று தன் ஜெர்மனில் மேலும் சொன்னார்.

ஸ்டூடர் கோசலா பக்கம் திரும்பி, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக விளக்கத் தொடங்கினார். அவள் இல்லத்துக் கிழவிகளிடம் பொறுக்கிய சுவிஸ் ஜெர்மனில் குறுக்கிட்டாள்.

"நான் குசினியில் நின்றேன். அவருடைய கையைப் பாருங்கள்."

ஸ்டூடர் பார்த்தார். முழங்கைவரை கறுப்பு. அவளுடைய கைகளையும் பார்த்தார். மாவும் கிழங்கும். அடுத்த வருடம் யாருடைய நம்பருக்கு எடுக்கட்டும் என்று மட்டும் கேட்டார். கோசலா தன் நம்பரைக் கொடுத்தாள்.

கதவு சாத்தியதும் தவச்செல்வன் பாய்ந்தார். "சுவிஸ்காரனுக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்கிப்போட்டீரே!"

"வாங்கிறதுக்கு அங்கை ஏதும் கிடந்ததோ?" என்றாள்.

மறுநாள் வீடு வெதுவெதுவென்றிருந்தது. சுவர்க் கறைமேல் சாமிப்படக் கலண்டர் தொங்கியது. ஒன்றியத்தார் கோட்டுகளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்ததும் தவச்செல்வன் தொடங்கினார். நேற்று மெயின் பைப் வெடித்ததாம். வந்த மெக்கானிக் திகைத்து நின்றானாம். இவர்தான் எங்கே பூட்ட வேண்டுமென்று காட்டிக் கொடுத்தாராம்.

"படிச்ச படிப்பு எங்கையோ ஒரு இடத்திலை உதவும். இஞ்சினியரிங் எண்டால் சும்மாவே? என்னப்பா?"

கோசலா ரோல்ஸ் தட்டோடு நின்றாள்.

"இல்லை," என்றாள்.

"என்னக்கா இல்லை?" என்றாள் தலைவரின் மனைவி சிவகலா.

"இவர் இஞ்சினியரிங் படிக்கேல்லை. ரெக்னிக்கல் கொலிஜுக்குப் போய் ஒரு மாரி முடியமுதல் விட்டிட்டார். பைப்பும் வெடிக்கேல்லை. குறட்டாலை திருகி உடைச்சது இவர்தான். ரோல்ஸ் ஆறுது, எடுங்கோ."

"பகிடி விடுறா," என்று தவச்செல்வன் சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. தலைவர் இருமிவிட்டு, கூட்டத்தைத் தொடங்குவோம் என்றார். கோசலா குசினிக்குப் போய் நின்றபடியே ரோல்ஸ் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை சிவகலா போன் எடுத்தாள்.

"நல்ல வேலை செய்தீங்கள் அக்கா. உவர் இஞ்சினியர் இல்லையெண்டு எல்லாருக்கும் எப்பவோ தெரியும். ஒவ்வொருக்காவும் நீங்கள் ஓம் எண்டேக்கை, இந்த மனிசிக்கு இதுவும் விதியோ, பாவம் எண்டு கதைக்கிறனாங்கள்."

கோசலா போனை வைத்தாள். அவரைப் பார்த்துச் சிரிப்பார்களே என்றுதான் இத்தனை காலம் மூடி மறைத்தாள். அவர்கள் அவளையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். பாவமாம். அந்தச் சொல் அவளுக்குக் கறுப்புத் தண்ணீரை விட நாறியது.

"ஆர் போனிலை?" என்றபடி தவச்செல்வன் வந்தார்.

சிவகலா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். வீடு சில நாட்களுக்கு அமைதியாக இருந்தது. அந்த மாரியில் அவளுக்கு ஹைசுங்கை விட அதுதான் சுகமாக இருந்தது.

தைப்பொங்கல் விழாவில் ஒலிவாங்கி மறுபடி தவச்செல்வனின் கைக்கு வந்தது. இஞ்சினியரிங் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஊரில் தான் கணக்கியல் படித்த காலத்தில் நடந்ததாக ஒரு சம்பவம் சொன்னார்.