அப்பா கொண்டுவந்த மூன்று கற்கள்

அப்பா வடக்கே பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். ராஜஸ்தான் பக்கம் ஒரு செம்புச் சுரங்கத்தில் பாறையில் துளை போடுவது அவர் வேலை. அதற்கு முன்பு எங்கள் ஊர்ப்பக்கமே, பிரம்மதேசம் சுற்றுவட்டாரத்தில் கம்ப்ரசர் வண்டியோடு போய்க் கிணறுகளில் பாறை உடைத்தவர். அந்தக் கைப்பழக்கத்தைப் பார்த்து ஒரு மேஸ்திரி அழைத்துப் போயிருந்தார். ஐந்து வருடம் கழித்து, சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடும்படி திரும்பி வந்தார். ஒரு துண்டில் முடிந்து மூன்று கற்களையும் கொண்டுவந்தார்.

ஒன்று பச்சை. இன்னொன்று பித்தளை போல் மின்னியது. மூன்றாவது வெறும் வெள்ளை.

"பச்சை மேலாக்க கெடக்கும் கண்ணு. அதப் பாத்தா கீழ செம்பு இருக்குதுன்னு அர்த்தம். ஆழம் போவப்போவ இப்பிடி மின்னும். தங்கமாட்டம் இருக்குதே, அதுலதான் செம்பு. இந்த வெள்ளக்கல்லுக்குள்ள கொடி மாதிரி ஓடும். இத ஒடைக்காம அதத் தொடவே முடியாது" என்றார். வெள்ளைக்கல்லைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அவ்வளவு கெட்டியான கல்லாம்.

அம்மா விடிந்ததும் உப்பளத்துக்கு உப்பு வாரப் போய்விடுவாள். அப்பா வீட்டில் இருமிக்கொண்டிருப்பார். டிபி என்று கொடுத்த மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கியும் இருமல் குறையவில்லை. பெரியம்மா எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். வெயிலில் நடந்து வந்தாலும் அவளுக்குத் தாகமே எடுக்காது.

ஒருநாள் பச்சைக்கல்லைப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். "செம்புக் குடத்துல புடிக்கிற களிம்பு மாதிரிதான் இதுவும். விஷம். போய்க் கையைக் கழுவு" என்றார்.

கையைக் கழுவினேன். ஆனால் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அப்பாவின் தலைமாட்டிலேயே விஷத்தை வைத்துக்கொண்டு மாத்திரை கொடுத்தால் எப்படிக் குணமாகும்? அன்று சாயங்காலமே பச்சைக்கல்லைக் கால்வாயில் எறிந்தேன். மறுநாள் மின்னும் கல்லையும் எறிந்தேன். அதிலும் செம்பு இருக்கிறதே! வெள்ளைக்கல் மட்டும் உப்புக்கட்டி போலச் சுத்தமாக இருந்தது. அதைக் கழுவித் துடைத்து அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மத்த ரெண்டும் எங்க கண்ணு?"

"கடாசிட்டேன்பா. அது விஷம். அதனாலதான் நீ இருமுற."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நெடுநேரம் நிற்கவில்லை. அம்மா ஓடி வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். "அடிக்காத. நம்ம வூட்டு டாக்டரம்மா அவ" என்றார் அப்பா, மூச்சு வாங்கிக்கொண்டு.

அந்த வாரமே புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே நடந்ததை அம்மா பல வருடம் கழித்துத்தான் சொன்னாள். எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டர், "தண்ணி விட்டுத் துளை போட்டீங்களா, காய்ஞ்ச பாறையிலயா?" என்று கேட்டிருக்கிறார்.

"காய்ஞ்சதுலதாங்க. தண்ணி வுட்டா லேட்டாவும்னு மேஸ்திரி வேணாம்னுட்டாரு."

"பாறை என்ன நெறம்?"

"வெள்ளைங்க."

இது டிபி இல்லை, அந்த வெள்ளைக்கல்லின் தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது, இதற்கு மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "செம்பால ஒண்ணும் ஆவலீங்களா?" என்று அப்பா கேட்டாராம். இல்லை என்றாராம் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தலையணைப் பக்கத்திலிருந்த கல்லை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அவள் அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். ஏன் என்று நான் கேட்டேன்.

"அது கெடக்குது வுடு. நீ அந்தப் பச்சைக்கல்ல எறிஞ்சதுலேர்ந்து எனக்குத் தேவலாம் கண்ணு" என்றார்.

நான் அதைப் பள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பெரியம்மாவிடம், இனி எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்றுகூடச் சொன்னேன். நான் சொன்னது உண்மைதான் என்பதுபோல, பள்ளி விட்டு வந்து நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அப்பா இருமவே மாட்டார். துண்டை வாயில் வைத்து அழுத்தியபடி, கழுத்து நரம்புகள் புடைக்க, கண்ணில் நீர் கோக்க, நான் சொல்லும் பள்ளிக் கதைகளுக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பார். மழைக்கு முன்பே அவர் போய்விட்டார். அதுவரை ஒவ்வொரு சாயங்காலமும், இன்றைக்கும் அப்பா இருமவில்லை என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்.