நான்கு அடி நடந்த படம்

வெள்ளவத்தையில் எனக்குச் சந்தேகக்காரி என்றொரு பெயர் உண்டு. இருக்கட்டும். இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாணம் பேசுகிறவள், சொல்வதையெல்லாம் நம்பிக்கொண்டிருந்தால் எத்தனை பெண்பிள்ளைகள் பாழுங்கிணற்றில் விழுந்திருப்பார்கள்? எஞ்சினியர் என்று சொன்ன இரத்மலானை மாப்பிள்ளையின் வேலைத்தலத்துக்கே போய், வாசலில் நின்ற காவலாளியிடம் சிங்களத்தில் விசாரித்தவள் நான். அப்படியொரு ஆள் அங்கே இல்லை. தலைமுடி சொந்த முடிதானா என்று பார்க்க, இன்னொரு மாப்பிள்ளையைக் கடற்கரைக் காற்றில் அரைமணி நேரம் நிற்கவைத்தேன். பத்மாவதி வருகிறா, பிறப்புச் சான்றிதழை எடுத்து வையுங்கோ என்று சனம் பகிடி பண்ணும். பண்ணட்டும்.

அப்படிப்பட்ட என் கண்ணிலேயே மண்ணைத் தூவப் பார்த்தது ஐந்து விநாடி வீடியோ ஒன்று.

மாப்பிள்ளை ராகுலன், மெல்பேர்ணில். தாய் மயிலம்மா கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். பெண் உஷாந்தி, எங்கள் வெள்ளவத்தைப் பிள்ளை. மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் வேலை. சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது, படமும் பிடித்துவிட்டது. ஒரு நாள் காலை மயிலம்மா போன் எடுத்தார்.

“பத்மாக்கா, பிள்ளையின்ர நடை என்ன வடிவு! ராகுலன் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டிருக்கிறான்.”

நடையா? உஷாந்திக்கு ஒன்பது வயதில் காலி நகருக்குப் போகும் பெருவீதியில் பஸ் மோதியது. இடது கால் ஒன்றரை அங்குலம் கட்டை. அடி தடித்த சப்பாத்துப் போட்டும் சாய்ந்துதான் நடப்பாள். அதை மாப்பிள்ளை வீட்டுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. எல்லாம் பிடித்தபிறகு நேரம் பார்த்துச் சொல்வோம் என்று இருந்தேன்.

“நடையை எங்க பாத்தனீங்கள்?” என்று கேட்டு, அதை எனக்கும் அனுப்பச் சொன்னேன்.

நான் நின்று எடுப்பித்த அதே படம்தான். கடற்கரையில் நீலச் சீலையோடு நின்ற உஷாந்தி, சிரித்துக்கொண்டு நான்கு அடி முன்னுக்கு வருகிறாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து அதே நான்கு அடி. அலை அடிக்கிறது, சீலைத் தலைப்புப் பறக்கிறது. உடம்பில் ஒரு சாய்வு இல்லை. வேறு யாரையோ நடக்கவிட்டு இவளுடைய முகத்தை ஒட்டினார்களோ? பத்துத் தரம் பார்த்தேன். பதினோராம் தரம் சீலைக் கரைக்குக் கீழே பார்த்தேன். இரண்டு காலிலும் ஒரே மாதிரி மெல்லிய செருப்பு. உஷாந்தியிடம் அப்படியொரு சோடி கிடையவே கிடையாது.

நின்ற படத்தை ஏஐயிடம் கொடுத்து நடக்கவைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்டறியாத கெட்டித்தனம்! உடனே உஷாந்தி வீட்டுக்கு ஓடினேன். அவள்தான் கதவைத் திறந்தாள். போனை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“இது ஆர், அன்ரி?” என்றாள்.

கேட்ட விதத்திலேயே தெரிந்தது, அவளுக்கு ஒன்றும் தெரியாது. அடுப்பை விட்டுக் குசினியிலிருந்து வந்த தாயின் முகம்தான் கறுத்துப்போனது.

“போன் கடை ஷிப்லியிட்டக் குடுத்துச் செய்விச்சனான், அக்கா. எல்லாரும் படத்தைத் திருத்தித்தானே அனுப்பினம்?”

“இது திருத்திறதோ? முழுப் பொய்யெல்லோ! அவையள் நேரில கண்டால் என்ர மூஞ்சியில காறித் துப்பமாட்டினமே?”

“கத்தாதேங்கோ, அன்ரி,” என்றாள் உஷாந்தி. “சப்பாத்துத் தெரியாமல் சீலையை இறக்கிக் கட்டச் சொன்னது நீங்கள். அசையாமல் நில்லெண்டு சொன்னதும் நீங்கள். அம்மா அதை நடக்க வைச்சா. அவ்வளவுதானே?”

நான் போனைக் கீழே இறக்கினேன். வெட்கமாக இருந்தது.

உஷாந்தி தன் போனை என் கையில் தந்தாள். பல்கனியிலிருந்து வாசல்கதவு வரை நடந்தாள், நான் வீடியோ எடுத்தேன். என்னிடம் ராகுலனின் நம்பரை வாங்கி, ‘இதுதான் என்ர நடை. உஷாந்தி’ என்று எழுதி அனுப்பினாள். தாய் தலையில் அடித்துக்கொண்டார்.

அரைமணியில் மயிலம்மாவின் அழைப்பு. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டேன்.

“அக்கா, ஆரோ கல்யாணத்தைக் குழப்பப் பாக்கினம்! தெரியாத நம்பரில இருந்து, பிள்ளை நொண்டுற மாதிரி வீடியோ செய்து அனுப்பியிருக்கினம். முந்தி மொட்டைக் கடிதம், இப்ப இது. நாங்கள் என்ன காதில பூ வைச்சிருக்கிறமே? ராகுலன் அந்த நம்பரை புளொக் பண்ணிப்போட்டான்.”

உஷாந்தியின் தாய் இரண்டு கையையும் கூப்பி என்னைப் பார்த்தார். நான் ‘ஓம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், கல்யாணம் ஒப்பேறிவிடும். உஷாந்தி என்னைப் பார்க்கவில்லை. பல்கனிப் பக்கம் திரும்பி நின்றாள்.

“மயிலம்மா, ரெண்டாவதுதான் பிள்ளையின்ர நடை. முதல் வந்ததுதான் ஏஐயில செய்தது.”

“இப்பிடிக் குழப்பச் சொல்லி உங்களுக்கு எவ்வளவு குடுத்தவை, அக்கா?” என்றார்.

ஊரையே சந்தேகப்பட்ட என்னை ஒருத்தி சந்தேகப்படுகிறாள்! ஆத்திரத்தில் அழைப்பைத் துண்டிக்கப் போனேன். உஷாந்தி போனை வாங்கினாள்.

“அன்ரி, உஷாந்தி கதைக்கிறன். வீட்டை வாங்கோ. கதவை நான்தான் வந்து திறப்பன். அப்ப பாருங்கோ.”

அடுத்த நாள் பின்நேரம் மயிலம்மா வந்தார். உஷாந்தி நடந்துபோய்க் கதவைத் திறந்தாள். வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

“அப்ப அதில நடந்தது ஆர்?”

“ஒருத்தரும் நடக்கேல்லை, அன்ரி.”

மயிலம்மா செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போய்விட்டார்.

உஷாந்தி கதவைச் சாத்திவிட்டு வந்து தாயிடம் கை நீட்டினாள். “போனைத் தாங்கோ. அந்தச் சனியனை அழிக்கவேணும்.”

தாய் போனை மடியில் அமத்திப் பிடித்தார்.

“அவையளுக்கு அனுப்பவெண்டு நான் அதைச் செய்விக்கேல்லை, பிள்ளை. ஒன்பது வயசுக்குப் பிறகு நீ அப்பிடி நடந்து நான் காணேல்லை. ஒருக்காப் பாக்க ஆசையா இருந்தது. பிறகுதான் புத்திகெட்டுப்போய் அனுப்பினனான்.”

பழக்கதோஷத்தில் இதிலும் பொய் இருக்குமோ என்று தாயின் முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை.

உஷாந்தி நீட்டிய கையை எடுத்தாள். பிறகு கதிரையைத் தாயின் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்தாள்.

“சரி, போடுங்கோ. நானும் இன்னும் வடிவாப் பாக்கேல்லை,” என்றாள்.