மஞ்சள் தடவிய கப்பல் ரசீது

பட்டுக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் தேங்காய் ஏற்றுமதி ஆபீசில், கப்பல் ரசீதின் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவுவார் முதலாளி. அந்த ரசீதின் மூலப்பிரதியைக் காட்டினால்தான் துபாய்த் துறைமுகத்தில் காயை விடுவார்கள். இவரோ அதைச் சாமி படத்தடியில் வைத்து, அஷ்டமி நவமி கழித்துத்தான் கூரியரில் போட விடுவார். காய் அங்கே வெயிலில் வேகும். காகிதம் இங்கே சூடம் பார்த்துக்கொண்டிருக்கும்.

காகிதத்தை விட்டுவிட்டுக் கணினி ரசீதுக்கு மாறலாம் என்று ஒரு வருஷம் மல்லுக்கட்டினேன். கடைசியில் இறங்கி வந்தார். "ஒரு லோடு பாப்போம்மா. சரி வரலன்னா பேப்பருக்கே போயிடுவோம்."

முதல் ரசீது வந்த அன்று அஷ்டமி. ஒரு பட்டனை அமுக்கினால் அது துபாயில் காய் வாங்கும் கடைக்காரர் பெயருக்கு மாறிவிடும்; அவர் உடனே காயை எடுத்துக்கொள்ளலாம். முதலாளி பிரிண்ட் எடுக்கச் சொன்னார். மஞ்சள் வந்தது.

"நாளான்னைக்கு அமுக்கும்மா."

"சார், காய்ப் பெட்டி இன்னிக்கே துபாய்ல இறங்குது. வெயில்ல நிக்கும்."

"ரெண்டு நாள்ல என்ன ஆயிடப் போவுது?"

அவர் பேச்சைக் கேட்டதற்கு என் மேலேயே எனக்குக் கோபம். தசமியன்று அமுக்கினேன். மறுநாள் கடைக்காரர் போனில் கத்தினார். அவர் சீர்காழிக்காரர். "முன்னாடின்னா கூரியர்காரனத் திட்டுவேன். இப்ப யாரைத் திட்டுறது, சொல்லுங்க! கால்வாசிக் காய் பூஞ்சணம்!"

முதலாளி போனை வாங்கினார். "நம்ம பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் இன்னும் பழகல தம்பி." என் எதிரிலேயே சொன்னார். போனை வைத்துவிட்டு, "இன்னும் ஒரே ஒரு லோடு. அதுவும் கெட்டா பேப்பர்தான்" என்றார்.

அடுத்த ரசீது நவமியில் வந்து தொலைந்தது. வந்த கையோடு அமுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலப் பிரிண்டை நீட்டினேன். மறுநாள் மஞ்சள் காய்ந்ததும், "இப்ப அமுக்கும்மா" என்றார். ஏதோ ஒரு பட்டனைத் தட்டிவைத்தேன்.

காய் நல்லபடியாகக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. முதலாளி ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "பாத்தியா? நாள் பாத்து அனுப்புனோம், ஒரு காய் கெடல. இனிமே கம்ப்யூட்டர்தான்."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கெட்டால் பழி எனக்கு, கெடாவிட்டால் பெருமை மஞ்சளுக்கு. அந்தப் பிரிண்டைப் பழைய மூலப்பிரதிகளோடு பத்திரமாக வைக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன்.