பேனா ஸ்டாண்டில் சுட்ட பாஸ்வேர்டு

எங்கள் பீங்கான் யூனிட்டில் ஆபீஸ் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை முதலாளி சூளையில் வைத்துச் சுட்டார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சுட்டார். ஆளாளுக்கு மறந்துபோய் வேலை நிற்கிறது என்று ஆறு பேனா ஸ்டாண்டுகளில் நீலச் சாயத்தில் எழுதச் சொல்லி, பளபளவென்று சுட்டு, மேசைக்கு ஒன்றாக வைத்தார். "சுட்டது அழியாது பாரு" என்று பெருமை வேறு. அழியாததால் யாரும் அதை மாற்றவும் இல்லை. ஆயுத பூஜைக்கு ஆபீஸைப் படமெடுத்து யூனிட்டின் இணையப் பக்கத்தில் அவரே போட்டார். பொரி, பூ, பேனா ஸ்டாண்டு எல்லாம் அதில் பளிச்சென்று தெரிந்தன.

கொஞ்ச நாளில் எவனோ இணையம் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து ஆர்டர், டிசைன் என்று அத்தனை ஃபைலையும் பூட்டிவிட்டான். கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தவர் என்னிடம் தெளிவாகச் சொன்னார்: "சரியான பாஸ்வேர்டு போட்டுத்தான் வந்திருக்கான்." ஆனால் அந்த வாரம் என் பக்கத்து மேசைப் பெண் கூரியர் பெயரில் மெயிலில் வந்த லிங்க் ஒன்றைத் திறந்திருந்தாள். முதலாளிக்கு அது போதும். "ஒன்னாலதான் எல்லாம் போச்சு. நாளையிலேர்ந்து வராத" என்று எங்கள் எதிரிலேயே அவளை அனுப்பிவிட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலையும் போய்விடுமே என்ற பயம். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கம்மாபுரம் பஸ்ஸுக்குப் போனாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத்தான் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இன்னும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மூன்று மாதம் கழித்து ஊரில் ஒரு கல்லூரியில் சைபர் பாதுகாப்பு, வேலைத்திறன் என்று வட்டார மாநாடு நடந்தது. தொழில் நடத்துகிறவர் என்று முதலாளியை அழைத்திருந்தார்கள். குறிப்பெடுக்க என்னையும் கூட்டிப்போனார். சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மா பேசி முடித்ததும் முதலாளி மைக்கை வாங்கினார்.

"எங்க யூனிட்லயும் ஒரு பொண்ணு எதையோ தொட்டு எல்லாத்தயும் கெடுத்துடுச்சுங்க. வேலைக்கு வர்றதுங்களுக்குத் திறமையே இல்ல. என்ன பண்றது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இதற்கும் சும்மா இருந்தால் நான் என்ன மனுஷி? வேலை போனால் போகட்டும் என்று எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

"நானும் அதே யூனிட்லதாங்க வேலை பாக்குறேன். பாஸ்வேர்ட பேனா ஸ்டாண்டுல சுட்டு மேசைக்கு மேசை வச்சிருந்தாங்க. அதைப் போட்டோ புடிச்சு ஊருக்கே காட்டியாச்சு. வந்தவன் அந்தப் பாஸ்வேர்டப் போட்டுத்தான் வந்தான். வேலை போனது மட்டும் அந்தப் பொண்ணுக்கு. இதுல யாருக்கும்மா பயிற்சி வேணும்?"

அரங்கு முழுக்கச் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு இல்லீங்க. மொதல்ல அவங்களத் திரும்பக் கூப்பிடுங்க" என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ண வரச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்து அவளுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தவர் அன்றைக்கே என்னிடம் சொன்னதையும் சேர்த்து.

"அப்பவே தெரியுமாக்கா ஒங்களுக்கு?"

"தெரியும்மா."

போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை வந்தாள். "ஒம் மேல தப்பு இல்லம்மா" என்று முதலாளி எல்லார் எதிரிலும் சொன்னார். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். எல்லாரிடமும் பேசுகிறாள், சிரிக்கிறாள். என்னிடம் மட்டும் ஃபைல் கேட்பதோடு சரி. தினமும் காலையில் "சாப்ட்டியாம்மா" என்று கேட்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. நாளைக்கும் கேட்பேன்.