காருக்குள் விரிந்த ஸ்டபீலியா

திண்டுக்கல்லில் என் வீட்டு பால்கனியில் ஒரு ஸ்டபீலியா நாலு வருஷமாகப் பூக்காமல் நிற்கிறது. விரல் தடிமனில் பச்சைத் தண்டுகள், இலையே கிடையாது. கொடைக்கானல் மலையில் அட்டுவம்பட்டியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் என் தோழி ஸ்டெல்லாவிடமும் அதே செடி உண்டு. செப்டம்பரில் அவள் மொட்டைப் படமெடுத்து அனுப்பியதும், அந்த ஞாயிறே இ-பாஸ் எடுத்துக் காரைக் கிளப்பினேன். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, வத்தலக்குண்டில் இட்லி சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மொட்டு பலூன் போல உப்பியிருந்தது. ஸ்டெல்லாவோ அழாத குறையாக நின்றாள். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா பாண்டியம்மாவின் மகள் கவிதாவை அன்றுதான் பெண் பார்க்க வருகிறார்கள். இந்தப் பூ விரிந்தால் அழுகிய இறைச்சி நாற்றம் அடிக்கும். (போன வருஷம் வீடு முழுக்கச் செத்த எலியைத் தேடினார்களாம்.)

“தப்பா நெனைக்காத ஸ்டெல்லா. பதினோரு மணிக்கு வந்துருவாங்க. வெரசா அதை வெளிய வச்சிரும்மா,” என்றார் பாண்டியம்மா. குரலில் கோபமில்லை, பதற்றம்தான்.

வெளியே மேகம் இறங்கி எல்லாம் ஈரமாகக் கிடந்தது. “இந்தக் குளிர்ல வச்சா மொட்டு உதிர்ந்துரும்டி,” என்றாள் ஸ்டெல்லா. தொட்டியைத் தூக்கிப்போய் என் காரின் பின்சீட்டில் வைத்தோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு நாங்களும் உள்ளே உட்கார்ந்துகொண்டோம்.

மதியம் வெயில் வந்ததும் காருக்குள் சூடு ஏறியது. மொட்டின் நுனி பிரிந்து, ஐந்து இதழ்களும் ஒவ்வொன்றாகப் பின்னால் வளைந்தன. உள்ளங்கையைவிடப் பெரிய நட்சத்திரம். வெளிர்மஞ்சளில் மெல்லிய சிவப்புக் கோடுகள், ஓரமெல்லாம் பூனைமுடி. ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நிமிஷம் இருவரும் கதவைத் திறந்து வெளியே பாய்ந்தோம்.

வந்தவர்கள் ‘கலந்து பேசிட்டுச் சொல்றோம்’ என்று கிளம்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் பட்டுப்புடவையோடு கவிதா காரிடம் வந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தவள், ஓர் இதழை விரலால் தடவினாள். “யம்மா, இங்க வந்து பாரேன்!” காலையிலிருந்து அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

கேசரித் தட்டோடு வந்த பாண்டியம்மா பூவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். “நாறுனா நாறட்டும். எம்புட்டு நேரம் கார்லயே கெடக்கும்? உள்ள தூக்கிட்டு வாங்க.”

வளர்க்க நினைப்பவர்களுக்கு: நல்ல வெயில் வேண்டும், மணல் கலந்த மண் வேண்டும், மண் காய்ந்த பிறகே தண்ணீர். தண்டு வாங்கிவந்தால் வெட்டிய இடம் உலர்ந்ததும் நடுங்கள். தண்டு வாங்குவதற்காகக் கோடை சீசன் நெரிசலில் மலையேறாதீர்கள். மொட்டு விட்டதும் அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள். விரிந்ததும் கூப்பிட்டுக் காட்டுங்கள். பூவைப் பார்த்தவர்களுக்கு நாற்றம் கொஞ்சம் குறைவாகத்தான் அடிக்கிறது.